பெயரை இரவல் கொடாதிருங்கள்



இந்த மாதப் பாடத்தை நான் எழுத வேண்டுமென்று பாஸ்டர் ஐயா சொன்னபோது எனக்குப் பயமாயிருந்தது. "ஐயா, எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. கடையில உட்காரத்தான் தெரியும்" என்றேன். "அப்ப கடையில நடந்ததையே எழுதுங்க. ஜனங்களுக்கு அதுதான் வேணும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே எழுதுகிறேன். இதில் என்னுடைய குற்றமும் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் இந்தப் பாடத்தினால் ஒருவருக்கும் பிரயோஜனம் இராது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. அதே கடையில் பணம் அனுப்பிக் கொடுக்கிற வேலையும் உண்டு. பேங்குக்குப் போக நேரமில்லாதவர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கட்டட வேலை பார்க்கிற பிள்ளைகள், இப்படிப்பட்டவர்கள் ரொக்கத்தைக் கொண்டுவந்து தருவார்கள். அவர்கள் சொல்லுகிற கணக்குக்கு நான் அனுப்பி, ரசீது கொடுப்பேன். சின்ன கமிஷன்தான். ஆனாலும் அதில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது.

இந்தப் பாடத்தில் மூன்று கேள்விகளைப் பார்க்கப் போகிறோம். அடையாள அட்டை கேட்டால் நமக்கு ஏன் கோபம் வருகிறது? ஆன்லைன் சூதாட்டக்காரனுக்கு ஏன் எப்போதும் இன்னொருவருடைய பெயர் தேவைப்படுகிறது? நம்முடைய பெயரை நாம் எப்படிக் காத்துக்கொள்ளுவது?

1. பாட்டியின் மணியார்டர்

நான் சிறுவனாயிருந்த காலத்தில் என் மாமா பம்பாயிலிருந்து பாட்டிக்கு மாதாமாதம் மணியார்டர் அனுப்புவார். நம்முடைய தேசத்தில் 1880-ல் தொடங்கின சேவை அது. பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து, மைப்பெட்டியை எடுத்து, பாட்டியின் பெருவிரலைப் பிடித்து அழுத்துவார். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் ரூபாயை எண்ணிக் கொடுப்பார்.

ஒரு தரம் புதிதாய் ஒரு தபால்காரர் வந்தார். பாட்டி வயலுக்குப் போயிருந்தாள். "எங்கிட்டக் குடுங்க, நான் பேரன்தான்" என்றேன். அவர் கொடுக்கவில்லை. "பாட்டியக் கூட்டிட்டு வா, இல்லன்னா நாளைக்கு வாறேன்" என்று சைக்கிளைத் திருப்பிவிட்டார். எனக்கு ஒரே ஆத்திரம். என்னைக் கள்ளன் என்று நினைக்கிறாரே! சாயங்காலம் பாட்டியிடம் கோள் சொன்னேன். பாட்டி சிரித்தாள். "நல்ல மனுஷன்லே அவன். எங் காசை இன்னொருத்தர் கையில குடுக்கமாட்டான்" என்றாள்.

கவனித்தீர்களா? ஒரே காரியம், எனக்கு அவமானமாய்த் தெரிந்தது, பாட்டிக்குப் பாதுகாப்பாய்த் தெரிந்தது. பணத்துக்குச் சொந்தக்காரி அவள். சொந்தக்காரருக்குச் சோதனை கசக்காது. அந்தப் பாடத்தைப் பத்து வயதில் கேட்டும், நாற்பத்தைந்து வயதில் மறந்துபோனேன்.

2. என் கடையில் நடந்தது

2023-ம் வருஷம். ஒரு தம்பி அடிக்கடி கடைக்கு வருவான். நல்ல குடும்பத்துப் பையன், பாட்டுக் குழுவில் வாசிக்கிறவன். எந்தச் சபை, யார் மகன் என்று தயவுசெய்து விசாரியாதிருங்கள். முதலில் 500 ரூபாய் அனுப்பினான். பிறகு 2,000. பிறகு ஒரே நாளில் இரண்டு மூன்று தரம்.

நான் ஒரு விசேஷத்தைக் கவனித்தேன். வடநாட்டுப் பிள்ளைகள் அனுப்பினால், ஒவ்வொரு மாதமும் அதே தாய்க்கோ மனைவிக்கோதான் போகும். இந்தத் தம்பி அனுப்புகிற கணக்கு ஒவ்வொரு நாளும் மாறும். காலையில் ஒரு பெயர், சாயங்காலம் வேறொரு பெயர். ஊரும் வேறு, பேங்கும் வேறு. போனில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, அதிலிருந்து நம்பரை வாசிப்பான். அனுப்பின உடனே ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்புவான். "யாருக்குத் தம்பி அனுப்புற?" என்று கேட்டேன். "பிரெண்டுக்கு அண்ணாச்சி" என்றான். அவ்வளவு பிரெண்டு யாருக்கு இருக்கும்? என் மனதில் உறுத்தினது. ஆனாலும் கமிஷன் வந்தது. பேசாமலிருந்தேன்.

அப்போது எங்கள் சேவையில் ஒரு போன் நம்பருக்கு மாதம் 25,000 ரூபாய்தான் அனுப்பலாம். ஒரு நாள் அவன் வந்து, "அண்ணாச்சி, லிமிட் தாண்டிட்டாம். வேற நம்பர்ல போட்டு விடுங்க, அவசரம்" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் மனைவியின் நம்பரைப் போட்டேன். OTP அவள் போனுக்கு வந்தது. வீட்டிலிருந்தே சொன்னாள். ஏன் என்று அவள் கேட்கவுமில்லை. புருஷன் கேட்டால் மனைவி சொல்லாமல் இருப்பாளா? என் நோட்டில், அனுப்பினவர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன்.

பிறகு இன்னொன்று வந்தது. "அண்ணாச்சி, எனக்குப் பதினெட்டாயிரம் வரணும். என் அக்கவுண்ட்ல பிரச்சினை. அக்கா அக்கவுண்ட்டுக்குப் போடச் சொல்லுதேன், நீங்க கையில காசாக் குடுத்திருங்க." அவன் ஜெயித்த பணம் அது. அதற்குள் அது கிரிக்கெட் பந்தயம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் சம்மதித்தேன். பணம் வந்தது. 100 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். அவனிடத்தில் அட்டை கேட்கவில்லை, கையெழுத்தும் வாங்கவில்லை. தெரிந்த பையனிடத்தில் எப்படிக் கேட்பது?

மூன்றாவது வாரத்தில் என் மனைவி ஏடிஎம்முக்குப் போனாள். பணம் வரவில்லை. பேங்கில் விசாரித்தபோது, வேறொரு மாநிலத்து சைபர் கிரைம் போலீஸ் சொல்லி அவளுடைய கணக்கை முடக்கியிருக்கிறார்கள் என்றார்கள். அதில் 64,000 ரூபாய் இருந்தது. எங்கள் மகளுடைய நர்சிங் காலேஜ் பீஸ் அது.

அங்கேயிருந்து ஒரு அதிகாரி பேசினார். என் மகள்தான் இந்தியில் கேட்டு எனக்குச் சொன்னாள். அந்தப் பதினெட்டாயிரம் சூதாட்டக் கம்பெனியின் பணமல்ல. வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி ஏமாற்றப்பட்ட ஒரு அம்மாவின் பணம். அவர்களிடம் பறித்ததை இரண்டு மூன்று கணக்குகள் வழியாய்ச் சுற்றவிட்டு, ஜெயித்த பணம் என்ற பெயரில் இந்தத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது என் மனைவியின் கணக்கில் வந்து நின்றது.

"பணத்தை யாரிடம் கொடுத்தீர்கள்? அவருடைய அடையாளம் எங்கே?" என்று கேட்டார்கள். என் நோட்டைப் புரட்டினேன். அந்தத் தம்பியின் பெயர் அதில் ஒரு இடத்திலும் இல்லை. எல்லாம் என் மனைவியின் பெயர்! என் கையால் எழுதின நோட்டே எங்களுக்கு விரோதமாய்ச் சாட்சி சொன்னது.

அன்று இரவு அவள் என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும். "என் பேரு போலீஸ்ல இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

ஈசாக்கின் சரித்திரம் நமக்கெல்லாம் தெரியும். கண் மங்கின தகப்பன், தோலைப் போர்த்துக்கொண்டு வந்த மகனைத் தடவிப் பார்த்தார். குரல் வேறாயிருக்கிறதே என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் அந்தச் சந்தேகத்தைத் தள்ளி வைத்துவிட்டார். ஒரு குடும்பமே பிரிந்துபோயிற்று. அவருக்காவது கண் தெரியவில்லை. எனக்கு இரண்டு கண்ணும் நன்றாய்த் தெரிந்தது. குரல் வேறு என்று அறிந்தும் நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

3. சூதாட்டக்காரனுக்கு ஏன் மற்றவர் பெயர்?

இதற்குப் பிறகுதான் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று விசாரித்து அறிந்துகொண்டேன். நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

இப்படிப்பட்ட பந்தயத் தளங்கள் அநேகம் வெளிநாட்டிலிருந்து நடத்தப்படுகின்றன. அவர்களுக்கு இங்கே சொந்தப் பெயரில் பேங்க் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் நம்முடைய பணம் அவர்களுக்கு வேண்டும். ஆகவே ஏழைகளுடைய பெயரை வாடகைக்கு எடுக்கிறார்கள். "ஒரு அக்கவுண்ட் திறந்து குடு. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் எல்லாம் எங்கிட்டக் குடு. ஐயாயிரம் தாறேன்." காலேஜ் பிள்ளைகளும் கூலிக்காரரும் இதற்கு விழுந்துபோகிறார்கள். இப்படிப்பட்ட கணக்கை மியூல் அக்கவுண்ட் என்று போலீஸார் சொல்லுகிறார்கள். மியூல் என்றால் கோவேறு கழுதை. சுமையைத் தூக்கும். மூட்டைக்குள் என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. அடி மாத்திரம் அதற்கு!

ஒரு கணக்கு முடங்கினால் அடுத்த கணக்கு. ஆகையால்தான் அந்தத் தம்பி ஒவ்வொரு நாளும் புதிய பெயரை வாசித்தான். 2023-ல் அமலாக்கத்துறை வெளிக்கொண்டுவந்த மகாதேவ் பந்தயச் செயலி வழக்கிலும் இதே கதைதான். ஐக்கிய அரபு நாட்டிலிருந்து நடத்தி, இங்கே கிளைகளை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்து, லாபத்தை 70-க்கு 30 என்று பங்கு போட்டு, பினாமிக் கணக்குகள் வழியாய்ப் பணத்தைச் சுற்றவிட்டார்கள் என்று அந்தத் துறை தெரிவித்தது.

இன்னொரு தந்திரத்தையும் கவனியுங்கள். பணம் போடும்போது யார், என்ன வயது என்று அநேகம் தளங்கள் கேட்பதில்லை. ஜெயித்த பணத்தை எடுக்கப் போகும்போது திடீரென்று, "உன் அட்டையைக் காட்டு, விலாசத்துக்கு ஆதாரம் காட்டு, போட்டோ தெளிவில்லை" என்று இழுத்தடிப்பார்கள். அந்த இடைவேளையில் அவன் அந்தப் பணத்தையும் வைத்து ஆடித் தோற்றுவிடுவான். சோதனை நல்லதுதான். ஆனால் வாசலில் செய்யவேண்டிய சோதனையை, வெளியே போகிறவனைத் தடுக்கிறதற்குச் செய்தால் அது கண்ணி. இங்கிலாந்தில் இதைப் பார்த்துத்தான் 2019 மே மாதம் விதியை மாற்றினார்கள். வயதும் ஆளும் யார் என்று உறுதிப்படுத்தாமல் ஆன்லைனில் ஒருவனையும் சூதாட விடக்கூடாது என்று சட்டமாயிற்று. அதற்கு முன்பு வயதைச் சரிபார்க்க 72 மணி நேரம் அவகாசம் இருந்தது. மூன்று நாளில் ஒரு சிறுவன் எவ்வளவை இழந்துபோவான்!

4. பெரிய கம்பெனிகளும் விழுந்த குழி

இது ஒரு சின்ன ஜெராக்ஸ் கடையின் பாவம் மாத்திரமல்ல. பணம் அனுப்புகிற உலகப் பெரிய நிறுவனங்களும் இதே குழியில் விழுந்திருக்கின்றன.

வெஸ்டர்ன் யூனியன் என்ற பெயரை வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் எல்லாரும் அறிவீர்கள். அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து வெளிநாட்டுச் சூதாட்டக்காரருக்கு இந்தச் சேவை வழியாய்ப் பணம் போகிறது என்ற விஷயம் 1997-லேயே அந்த நிறுவனத்தின் கவனத்துக்கு வந்திருந்தது என்றும், அதைத் தடுக்கச் செய்த ஏற்பாடுகள் சில 2012 வரையிலும் பலன் தரவில்லை என்றும் அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. இதோடுகூட, மோசக்காரருக்கு உதவின ஏஜெண்டுகளைச் சரியாய்க் கண்டிக்காமல் விட்ட பெரிய காரியமும் இருந்தது. 2017 ஜனவரியில் அந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 58 கோடியே 60 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. ஏஜெண்டு யார்? என்னைப்போல ஒரு கடைக்காரன்தான். கவுண்டரில் இருக்கிறவன் கண்ணை மூடினால் கம்பெனியே குருடாகிறது.

அமெரிக்காவில் 2006 அக்டோபரில் ஒரு சட்டம் வந்தது. சூதாடுகிறவனைப் பிடிப்பதைவிட, அவனுடைய பணம் போகிற வழியை அடைப்பதே அதின் நோக்கம். 1999-ல் கனடாவில் தொடங்கின நெட்டெல்லர் என்ற பணச்சேவை, அநேகம் சூதாட்டக்காரருக்கு வழியாயிருந்தது. 2007 ஜனவரியில் அதைத் தொடங்கின இருவரும் கைதானார்கள். அந்தக் கம்பெனி அமெரிக்காவை விட்டு வெளியேறி, 13 கோடியே 60 லட்சம் டாலரை இழந்தது.

அதற்குப் பிறகு சூதாட்டக் கம்பெனிகள் என்ன செய்தன? பொய்ப் பெயர்களைத் தேடின. நகை விற்கிறோம், கோல்ப் பந்து விற்கிறோம் என்று பொய்யான கம்பெனிகளைக் காட்டி பேங்குகளை ஏமாற்றினார்கள் என்று 2011 ஏப்ரல் 15-ல் மூன்று பெரிய போக்கர் தளங்களை நடத்தினவர்கள்மேல் வழக்கு வந்தது. அவைகளில் ஒன்று புல் டில்ட். ஆடுகிறவர்களுக்கு அது கொடுக்க வேண்டியது சுமார் 39 கோடி டாலர். பேங்கில் இருந்ததோ சுமார் 6 கோடி டாலர்! திரையில் ஒவ்வொருவனுக்கும் முழுப் பணமும் தெரிந்தது. பெட்டியில் பணமில்லை. வேறொரு கம்பெனி அதை வாங்கி 2012-ல் ஏற்பாடு செய்த பிறகுதான் ஜனங்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்க வழி பிறந்தது.

ஆள் பெயர் பொய்யானாலும் கம்பெனிப் பெயர் பொய்யானாலும் காரியம் ஒன்றுதான். சொந்தப் பெயரோடு வெளிச்சத்தில் நிற்கக் கூடாத பணம், எப்போதும் இன்னொருவருடைய பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இதை மறவாதிருங்கள்.

5. சோதிக்கிறவன் சத்துரு அல்ல

"எத்தனை வருஷமா வாறேன், எங்கிட்டயே ஆதார் கேக்கியே!" என்று என்னிடத்தில் கோபிக்கிறவர்கள் உண்டு. கோபிக்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஏழைகளைத்தான் எல்லா இடத்திலும் அலைக்கழிக்கிறார்கள். விரல் ரேகை தேய்ந்துபோன கூலிக்கார அம்மாமார் மெஷினில் ஐந்து தரம் விரலை வைத்தும் பணம் வராமல் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்களிடத்தில் பொறுமையாய்ப் பேச வேண்டியது கவுண்டரில் இருக்கிறவன் கடமை.

ஆனாலும் இந்தச் சோதனை ஏன் வந்தது? நம்முடைய தேசத்தில் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம் 2002-ல் நிறைவேறி, 2005 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. வாடிக்கையாளர் யார் என்று பேங்குகள் அறிந்திருக்க வேண்டும், பதிவுகளைக் காத்துவைக்க வேண்டும் என்று அது சொல்லுகிறது. என்னைப்போன்ற கடைகளில் ரொக்கம் கொடுத்து அனுப்புகிறதற்கு 2024 நவம்பர் 1 முதல் ரிசர்வ் பேங்க் விதியை இறுக்கினது. அனுப்புகிறவருடைய போன் நம்பரும் அடையாள அட்டையும் பதிவாக வேண்டும், ஒவ்வொரு தரமும் OTP போன்ற ஒரு சோதனை நடக்க வேண்டும். இந்த விதி ஒரு வருஷம் முந்தி வந்திருந்தால் நான் தப்பியிருப்பேனே என்று நினைத்தேன். என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "விதி இருந்தாலும் நீங்க என் நம்பரைத்தான் போட்டிருப்பீங்க" என்றாள். உண்மைதான். தெரிந்தே இரவல் கொடுக்கிறவனை மெஷின் தடுக்காது.

இன்னொரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. முன்பெல்லாம் கணக்கு நம்பரை வைத்தே பணம் போய்ச் சேரும். பெயர் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. 2025 ஏப்ரல் 1-க்குள், நெப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாய் அனுப்புகிறவருக்கு அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறதென்று முன்னதாகவே காட்ட வேண்டுமென்று ரிசர்வ் பேங்க் கட்டளையிட்டது. பெயரை வாசியுங்கள். வாசிக்காமல் பட்டனை அமுக்காதிருங்கள்.

சூதாட்டத்தைக் குறித்த சட்டமும் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-ல் ஒரு சட்டம் நிறைவேறினது. அதில் ரம்மியையும் போக்கரையும் தடை செய்த பகுதி செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே ஒரு சட்டம் கொண்டுவந்து, பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும், திறமை ஆட்டம் என்று சொல்லப்பட்டவைகளையும் சேர்த்து, தடை செய்தது. நடத்துகிறவனுக்கும் அதற்காகப் பணப் பரிமாற்றம் செய்கிறவனுக்கும் 3 வருஷம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. ஆடி இழந்தவனை அந்தச் சட்டம் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. இதை வாசித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆடினவன் அந்தத் தம்பி. பணத்தைக் கடத்திக் கொடுத்தவன் நான்!

6. நாம் செய்ய வேண்டியவை

குடும்பங்களுக்கு: பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம், OTP இவைகளை ஒருவருக்கும் இரவல் கொடாதிருங்கள். மச்சானாயிருந்தாலும் சரி, சபைப் பிள்ளையாயிருந்தாலும் சரி. உதவி செய்ய மனதிருந்தால் பணமாய்க் கொடுங்கள். கொடுத்த பணம் போனால் பணத்தோடே போகும். கொடுத்த பெயர் போனால் திரும்பி வருவது கடினம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறதென்று அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். பிள்ளைகளைக் கொண்டு ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

ஜெராக்ஸ் கொடுக்கிறவர்களுக்கு: ஆதார் நகலின்மேல் தேதியையும், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கடைசி நான்கு எண் மாத்திரம் தெரிகிற மறைத்த ஆதார் போதுமான இடத்தில் அதையே கொடுங்கள். கடையில் சரியாய் விழாத நகலைக் கேட்டு வாங்கிக் கிழித்துவிடுங்கள். வெட்கத்தோடே சொல்லுகிறேன், அப்படிப்பட்ட தாள்களின் பின்பக்கத்தில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் ஒருவருடைய முகம், ஒருவருடைய வீடு என்று அப்போது நினைக்கவில்லை.

என்னைப்போன்ற கடைக்காரருக்கு: மூன்று கேள்விகளைக் கேட்காமல் அனுப்பாதிருங்கள். நீ யார்? இது யாருடைய பணம்? யாருக்குப் போகிறது? ஒரே ஆள், தினம் ஒரு புதுப்பெயருக்கு அனுப்பினால் நிறுத்திவிடுங்கள். கமிஷன் போனால் போகட்டும். நடந்ததை நடந்தபடியே நோட்டில் எழுதுங்கள்.

ஏமாந்துபோனவர்களுக்கு: 1930 என்ற நம்பருக்கு உடனே பேசுங்கள். ஒவ்வொரு நிமிஷமும் பணம் அடுத்த கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும். வெட்கப்பட்டு ஒரு நாள் தாமதித்தால் போனது போனதுதான்.

சூதாட்டத்தில் அகப்பட்டவர்களுக்கு: உன்னைக் கல்லெறிய இதை எழுதவில்லை, தம்பி. இழந்ததைத் திரும்பப் பிடிக்கவே நீ மறுபடியும் ஆடுகிறாய். அந்த ஒரு ஆசைதான் உன்னை இழுக்கிறது. இழந்தது இழந்ததுதான் என்று இன்றைக்கே ஒருவரிடத்தில் வாய்விட்டுச் சொல்லிவிடு. கடனை மறைத்து மறைத்து, தனியே உயிரை மாய்த்துக்கொண்ட வாலிபரைக் குறித்து நம்முடைய ஊர்ப் பத்திரிகைகளில் எத்தனை தரம் வாசித்துவிட்டோம்! அரசாங்கத்தின் டெலி மானஸ் நம்பர் 14416 உண்டு. தமிழிலேயே பேசலாம். வீட்டில் சொல்லப் பயமாயிருந்தால் என் கடைக்கு வா. நான் உன்னைக் காட்டிலும் நல்லவனல்ல.

முடிவாக

அந்தக் கணக்கைத் திறக்க ஏழு மாதம் ஆயிற்று. கடிதம்மேல் கடிதம். பேங்குக்கு எத்தனை நடை! பதினெட்டாயிரத்தை நாங்கள் கையிலிருந்து கட்டினோம். அது அந்த அம்மாவுக்குச் சேர வேண்டிய பணம். அவர்கள் முகம் எங்களுக்குத் தெரியாது. மகளுடைய பீஸுக்கு என் மனைவி வளையலை அடகு வைத்தாள். இதுவரை மீட்கவில்லை.

அந்தத் தம்பி கொஞ்ச காலம் ஊரிலே இல்லை. அவன் தாயின் சங்கிலியும் சீட்டுப் பணமும் போய்விட்டன. பிறகு திரும்பி வந்தான். ஒரு நாள் ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, "அக்கா, என்னால உங்க பேரு கெட்டுப்போச்சு" என்று அழுதான். என் மனைவி அவனுக்குச் சோறு போட்டாள். அவன் இப்போது ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை செய்கிறான். ஸ்மார்ட் போனைத் தாயிடத்தில் கொடுத்துவிட்டு, பட்டன் போன் வைத்திருக்கிறான்.

போன மாதம் கடைக்கு வந்தான். அவனுடைய சித்திக்கு 1,500 ரூபாய் அனுப்ப வேண்டுமாம். நான் சாப்பிடப் போயிருந்ததால் என் மனைவி கவுண்டரில் இருந்தாள். "ஆதாரைக் குடு தம்பி" என்றாள். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "நம்ம பையன்தான, எதுக்கு?" என்று கேட்டாராம். அந்தத் தம்பியே திரும்பி, "கேக்கட்டும் அண்ணாச்சி. கேட்டாத்தான் நல்லது" என்று சொல்லி அட்டையை எடுத்துக் கொடுத்தானாம்.

அன்று நோட்டில் அனுப்பினவர் என்ற இடத்தில் அவனுடைய சொந்தப் பெயர் இருந்தது. என் மனைவியின் கையெழுத்தில் எழுதியிருந்தது. நான் வந்து அதை வாசித்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சிந்திப்பதற்கும் வீட்டுக் கூட்டத்தில் பேசுவதற்கும்

1. அடையாளம் கேட்கப்பட்டபோது நான் கோபப்பட்டது எப்போது? அப்போது யாருடைய பணம் காக்கப்பட்டது?

2. என் பாஸ்புக், சிம், போன் நம்பர் இவைகளில் ஏதாவது இன்றைக்கு வேறொருவர் கையில் இருக்கிறதா? அதைத் திரும்ப வாங்க நான் எப்போது போகப்போகிறேன்?

3. சந்தேகம் வந்தும், லாபத்தினிமித்தமோ முகதாட்சிணியத்தினிமித்தமோ நான் கண்ணை மூடிக்கொண்ட காரியம் எது?

4. என் வீட்டிலோ தெருவிலோ தனியே போனோடு ராத்திரி விழித்திருக்கிற வாலிபன் யார்? இந்த வாரம் நான் அவனோடு என்ன பேசுவேன்?